இரண்டு எழுத்தில் அகப்படும் பக்கம்

உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் யாரோ எழுதிவைத்த, நீங்கள் ஒருமுறைகூடப் பார்த்திராத ஒரு பக்கத்தைக் கூகுள் அரை நொடியில் எடுத்துக் கொடுத்துவிடுகிறது. முந்தாநாள் இதே கணினியில், இதே நாற்காலியில் உட்கார்ந்து நீங்களே படித்த பக்கம் மட்டும் கிடைக்கமாட்டேன் என்கிறது. உலாவியின் தலையில் முப்பது டேப் வரிசைகட்டி நிற்கின்றன. தலைப்பெல்லாம் மறைந்து, நகக்கண் அளவு சின்னங்களாகச் சுருங்கிவிட்டன. ஒவ்வொன்றாகத் திறந்து, இது இல்லை, இதுவும் இல்லை என்று மூடுகிறீர்கள். கடைசியில் அலுத்துப்போய்க் கூகுளிடமே திரும்பிப் போய், அன்றைக்குத் தட்டிய சொற்களை மறுபடி தட்டுகிறீர்கள்.

கோடிக்கணக்கான பக்கங்களுக்குள் தேடுவது எளிதாக இருக்கிறது. நாம் பார்த்த சில ஆயிரம் பக்கங்களுக்குள் தேடுவது கஷ்டமாக இருக்கிறது. தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

இன்னொரு பக்கம், சிலரைக் கவனித்திருப்பீர்கள். பெரும்பாலும் நிரல் எழுதுகிறவர்கள். மவுஸையே தொடமாட்டார்கள். ஏதோ ஒரு விசை, அப்புறம் இரண்டு எழுத்து, ஓர் என்டர். வேண்டிய பக்கம் வந்து நிற்கும். அவர்கள் உலாவியில் ஒரு சின்ன நீட்சியைப் பொருத்தியிருப்பார்கள். நீட்சி என்றால் உலாவியோடு வராத ஒரு வேலையைச் செய்வதற்காக நாம் தனியாகச் சேர்த்துக்கொள்ளும் குட்டி நிரல். அந்தக் குட்டி நிரலுக்கு இரண்டே எழுத்தில் எல்லாம் எப்படிப் புரிகிறது?

போன இடத்துக்கே போவது

இணையத்தில் நாம் புதிது புதிதாகத் தேடிக்கொண்டிருப்பதாகத்தான் நினைப்பு. கணக்கெடுத்துப் பார்த்தவர்கள் வேறு மாதிரி சொல்கிறார்கள். கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் லிண்டா டவுஷர், சால் கிரீன்பெர்க் இருவரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவர் திறக்கும் பக்கங்களில் 58 சதவீதம் அவர் ஏற்கெனவே பார்த்தவையாக இருந்தன. பத்து ஆண்டுகள் கழித்து ஜெய்ம் டீவனும் கூட்டாளிகளும் யாஹூவின் தேடல் பதிவுகளை அலசினார்கள். தேடல்களில் 40 சதவீதம்வரை, முன்பு கண்டதையே மறுபடி காண்பதற்கான தேடல்கள்.

ஆக, தேடல் என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் இரண்டு வேறு வேலைகள் கலந்து கிடக்கின்றன. தெரியாததைக் கண்டுபிடிப்பது ஒன்று. தெரிந்ததைத் திரும்ப எடுப்பது மற்றொன்று. இரண்டாவதை மீள்தேடல் என்று வைத்துக்கொள்வோம். கூகுள் போன்ற தேடுபொறிகள் முதல் வேலைக்காகப் பிறந்தவை. நமக்கு மீள்தேடலுக்குத் தனியான கருவி கையில் இல்லாததால், அதையும் அவற்றின் தலையில் கட்டிவிட்டோம்.

மீள்தேடலில் நமக்கு ஒரு பெரிய வசதி உண்டு. தேட வேண்டிய பரப்பு சின்னது. ஒருவரின் உலாவி வரலாற்றில் 5,000 பக்கங்கள் இருப்பதாக வைத்துக்கொண்டால், கூகுள் அலசும் உலகத்தோடு ஒப்பிட அது ஒன்றுமே இல்லை. கொடுக்கவேண்டிய துப்பும் அதற்கேற்பச் சின்னதாக இருந்தால் போதும்.

ஒரு பழைய முனையமும் அதன் அம்புக்குறிகளும்

விசைப்பலகையாலேயே எல்லாவற்றையும் செய்துவிடும் பழக்கம் உலாவிகளைவிட மூத்தது. 1976-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் மாணவராக இருந்த பில் ஜாய், வீஐ என்ற உரைத்திருத்தியை எழுதினார். அவர் பயன்படுத்தியது ஏ.டி.எம்-3ஏ என்ற முனையம். அதில் அம்பு விசைகள் தனியாகக் கிடையாது. எச், ஜே, கே, எல் ஆகிய நான்கு எழுத்துகளின் மேலேயே அம்புக்குறி அச்சிட்டிருந்தது. ஆகவே வீஐயில் அந்த நான்கும் இடம், கீழ், மேல், வலம் ஆயின. அந்த முனையம் காட்சிப்பொருளாகிப் பல காலம் ஆகிவிட்டது. நான்கு எழுத்துகள் மட்டும் போகவில்லை. 1991-இல் பிராம் மூலனார் வெளியிட்ட விம் என்ற உரைத்திருத்தி அவற்றை ஏற்றுக்கொண்டது. விம்மிலிருந்து பெயரையும் பழக்கத்தையும் எடுத்துக்கொண்டு ஃபில் கிராஸ்பி, இல்யா சுகர் இருவரும் குரோம் உலாவிக்காகத் தொடங்கிய நீட்சிதான் விமியம்.

விமியத்தைப் பொருத்திவிட்டு ஒரு பக்கத்தில் எஃப் விசையைத் தட்டினால், அந்தப் பக்கத்திலுள்ள ஒவ்வொரு இணைப்பின்மீதும் ஓரிரு எழுத்துள்ள சின்னச் சீட்டு முளைக்கும். அந்த எழுத்துகளைத் தட்டினால் இணைப்பு திறக்கும். சீட்டுகளுக்கு 14 எழுத்துகளைத்தான் பயன்படுத்துகிறது, பெரும்பாலும் விரல் எளிதாக எட்டும் எழுத்துகள். பதினான்கைப் பதினான்கால் பெருக்கினால் 196. அத்தனை இணைப்புகள் உள்ள பக்கத்துக்கும் இரண்டு தட்டு போதும்.

நம் வேலைக்கு முக்கியம் வேறு மூன்று விசைகள். ஓ தட்டினால் ஒரு பெட்டி திறக்கும். அதில் வரலாற்றையும் குறித்துவைத்த பக்கங்களையும் சேர்த்துத் தேடலாம். பி தட்டினால் குறித்துவைத்தவை மட்டும். பெரிய டி தட்டினால் இப்போது திறந்திருக்கும் டேப்கள் மட்டும். (விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றி வைத்திருந்தால் எஃப் எஃப்பாக வராது, ஓ ஓவாக வராது. தமிழில் எழுதுகிறவர்கள் இந்த நீட்சிகளோடு போடும் முதல் சண்டை இதுதான்.)

கடிகாரத்தை வைத்துப் பார்த்தால்

இது உண்மையிலேயே வேகமா, இல்லை வேகம் என்ற பிரமையா? இதை அளப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. ஸெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட் கார்டும் தாமஸ் மோரனும், கார்னகி மெலனின் ஆலன் நியூவெல்லும் சேர்ந்து 1980-இல் ஒரு கணக்கு முறையை வெளியிட்டார்கள். கணினி முன்னால் நாம் செய்யும் எந்த வேலையையும் சின்னச் சின்ன அசைவுகளாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் சராசரி நேரம் வைத்தார்கள். நன்றாகத் தட்டச்சு செய்பவருக்கு ஒரு விசை 0.2 நொடி. மவுஸை நகர்த்தி இலக்கில் வைக்க 1.1 நொடி. விசைப்பலகையிலிருந்து கை மவுஸுக்குப் போக 0.4 நொடி. அடுத்து என்ன செய்வது என்று மனம் ஒருமுறை தயாராக 1.35 நொடி.

இதை நம் வேலைக்குப் போட்டுப் பார்ப்போம். திறந்திருக்கும் ஒரு டேப்புக்குப் போக வேண்டும். மவுஸ் வழியில் மனத்துக்கு 1.35, கைக்கு 0.4, நகர்த்த 1.1, அழுத்த 0.2, மொத்தம் 3.05 நொடி. விசைப்பலகை வழியில் மனத்துக்கு அதே 1.35, பிறகு பெரிய டிக்கு இரண்டு விசை, இரண்டு எழுத்து, ஓர் என்டர், ஆக ஐந்து விசைக்கு 1 நொடி. மொத்தம் 2.35.

மிச்சம் 0.7 நொடி! இதற்குத்தானா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

எதிர்த்தரப்பின் வாதம் இதைவிடக் கடுமையானது. ஆப்பிளில் பணியாற்றிய புரூஸ் டாக்னஸினி 1989-இல் எழுதியபோது, பயனர்கள் விசைப்பலகைதான் வேகம் என்று சொல்வார்கள், கடிகாரம் மவுஸ்தான் வேகம் என்று காட்டும் என்றார். எந்த விசை என்று நினைவுபடுத்திக்கொள்ளும் அந்த இரண்டொரு நொடி நமக்குத் தெரிவதே இல்லை என்பது அவர் விளக்கம். மூளை அதில் மும்முரமாக இருப்பதால் நேரம் ஓடுவதைக் கவனிப்பதில்லை. விசைப்பலகைப் பிரியர்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கூற்றோடு மல்லுக்கட்டி வருகிறார்கள். ஒரு நிரலின் பட்டியலில் ஒளிந்திருக்கும் குறுக்குவிசையைப் பற்றியது என்றால், டாக்னஸினி சொன்னதில் நியாயம் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் டேப் வரிசை வேறு விஷயம். மேலே போட்ட கணக்கில் மவுஸுக்குச் சாதகமாக ஒன்றை விட்டுவிட்டோம். எந்த டேப் என்பது கண்ணுக்கு உடனே தெரிவதாக வைத்துக்கொண்டோம். ஐந்து டேப் என்றால் தெரியும். முப்பது என்றால் கண் ஒவ்வொன்றாக மேய வேண்டும். தலைப்பு மறைந்திருந்தால் திறந்து பார்த்துத்தான் ஆக வேண்டும். எண்ணிக்கை ஏற ஏற மவுஸ் வழி நீளும். விசைப்பலகை வழியில் டேப் ஐந்தோ ஐம்பதோ, அதே ஐந்து விசை. விரலின் வேகம் அல்ல இங்கே வித்தியாசம். தேடும் வேலை கண்ணிடமிருந்து நிரலுக்குக் கைமாறியதுதான்.

விட்டுவிட்டுப் பொருத்தல்

கைமாறிய வேலையை நிரல் எப்படிச் செய்கிறது? எளிய வழி, நாம் தட்டிய துண்டு அப்படியே தலைப்பிலோ முகவரியிலோ இருக்கிறதா என்று பார்ப்பது. விமியமும் ஃபயர்ஃபாக்ஸின் முகவரிப் பட்டையும் இதைத்தான் செய்கின்றன. இடைவெளி விட்டு இரண்டு மூன்று துண்டுகள் கொடுத்தால் எல்லாத் துண்டும் உள்ள பக்கங்களைக் காட்டும்.

இதைவிடச் சாமர்த்தியமான வழி நிரலாளர்களின் கருவிகளில் வளர்ந்தது. சப்ளைம் டெக்ஸ்ட் என்ற திருத்தியிலும், ஜுனேகன் சோய் 2013-இல் வெளியிட்ட எஃப்.இசட்.எஃப் என்ற கருவியிலும் அதைப் பார்க்கலாம். உலாவி நீட்சிகள் சிலவும் எடுத்துக்கொண்டன. தட்டிய எழுத்துகள் ஒட்டி இருக்க வேண்டியதில்லை, அதே வரிசையில் வந்தால் போதும். நடுவில் எதை வேண்டுமானாலும் தாண்டலாம். இதை விட்டுவிட்டுப் பொருத்தல் எனலாம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கையில் எடுத்துக் கடைசிவரை போவோம். உங்கள் வரலாற்றில் மூன்று பக்கங்கள் இருக்கின்றன: "தமிழ் விக்கிப்பீடியா", "தஞ்சாவூர் பெரிய கோயில்", "தமிழ் இணையக் கல்விக்கழகம்". பெட்டியில் "தவ" என்று தட்டுகிறீர்கள். மூன்றுமே பொருந்துகின்றன. முதலாவதில் விக்கியின் வ. இரண்டாவதில் தஞ்சாவூரின் வூ. அதற்குள் வ இருக்கிறது. மூன்றாவதில் கல்வியின் வி. ஆனால் "தவ" என்று தட்டும் மனிதர் பெரும்பாலும் சொற்களின் முதலெழுத்துகளை நினைத்துத்தான் தட்டுவார். அவருக்கு வேண்டியது விக்கிப்பீடியா. அதை நிரலுக்கு எப்படிச் சொல்லித்தருவது?

மதிப்பெண் போட்டு. எஃப்.இசட்.எஃப் பயன்படுத்தும் எண்களையே, நுணுக்கங்களைக் கழித்துவிட்டு எடுத்துக்கொள்கிறேன். பொருந்தும் ஒவ்வோர் எழுத்துக்கும் 16. அது ஒரு சொல்லின் தொடக்கத்தில் இருந்தால் கூடுதலாக 8. நாம் தட்டிய முதலெழுத்துக்கு அந்தக் கூடுதல் இரட்டிப்பு, அதாவது 16. நடுவில் தாண்டத் தொடங்கினால் 3 குறையும். அந்த முதல் தாண்டலுக்குப் பிறகு தாண்டும் ஒவ்வோர் எழுத்துக்கும் இன்னும் 1 குறையும்.

மூன்று தலைப்புகளும் த-வில் தொடங்குவதால் எல்லாவற்றுக்கும் முதலில் 32. இனி வ. விக்கிப்பீடியாவில் அதை எட்ட ம, இகரக் குறி, ழ, புள்ளி, இடைவெளி என்று ஐந்தைத் தாண்ட வேண்டும். கணினி இவை ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் எண்ணுகிறது. 7 குறைகிறது. வ சொல்லின் தொடக்கத்தில் இருப்பதால் 24 கூடுகிறது. மொத்தம் 49. தஞ்சாவூரில் நான்கைத் தாண்டினால் போதும், 6 குறைகிறது. ஆனால் வ சொல்லின் நடுவில் இருப்பதால் வெறும் 16. மொத்தம் 42. கல்விக்கழகத்துக்குப் பதினைந்தைத் தாண்ட வேண்டும், 17 போகிறது, மொத்தம் 31. ஆக விக்கிப்பீடியா முதலிடம். நினைத்தது நடந்தது.

இந்த மதிப்பெண் முறையின் பூர்வீகம் உயிரியல். டெம்பிள் ஸ்மித், மைக்கேல் வாட்டர்மன் இருவரும் 1981-இல் வெளியிட்ட ஒரு வழிமுறையைத்தான் எஃப்.இசட்.எஃப் மாற்றி அமைத்துக்கொண்டது. அவர்கள் தேடியது டி.என்.ஏ, புரதம் போன்ற மூலக்கூறுகளின் நீண்ட வரிசைகளில் எங்கே ஒற்றுமை ஒளிந்திருக்கிறது என்பதை. பரிணாமத்தில் சில எழுத்துகள் காணாமல் போயிருக்கும், சில நுழைந்திருக்கும். ஆகவே இடைவெளியை மன்னிக்கவும் வேண்டும், அதற்கு அபராதம் போடவும் வேண்டும். சோம்பலில் நாம் முழுங்கிவிடும் எழுத்துகளுக்கும் அதே கணக்கு சரிப்பட்டு வருகிறது.

ஓலையில் இல்லாத புள்ளி

தமிழில் தேடுகிறவர்களுக்கு இங்கே ஒரு பரிசும் ஒரு பொறியும் காத்திருக்கின்றன.

பரிசு இது. யூனிகோடில் "கோயில்" என்பது க, ஓகாரக் குறி, ய, இகரக் குறி, ல, புள்ளி என ஆறு துண்டுகள். விட்டுவிட்டுப் பொருத்தும் நிரல் குறிகளைத் தாண்டிவிடும் என்பதால் "கயல" என்று தட்டினாலே கோயில் வந்துவிடும். "தஞசவர" என்றால் தஞ்சாவூர். உயிர்க்குறிகளையும் புள்ளியையும் விட்டுவிட்டு மெய்களின் எலும்புக்கூட்டை மட்டும் கொடுத்தால் போதும். ஓலைச்சுவடிகளில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைக்கவில்லை. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் காட்டவில்லை. படிக்கிறவர் இடம் பார்த்து நிரப்பிக்கொண்டார். தமிழை மனத்தில் வைத்திராத நிரலாளர்கள் எழுதிய ஒரு வழிமுறை, அந்தச் சுவடிப் படிப்பைத் தற்செயலாகத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறது.

பொறி இது. சொல்லின் தொடக்கம் எது என்று நிரல் எப்படி அறிகிறது? பல நிரல்கள் செய்வது, முந்தைய குறியீடு ஓர் எழுத்தா என்று பார்ப்பது. எழுத்து இல்லை என்றால், இங்கே புதுச் சொல் தொடங்குகிறது என்று முடிவுகட்டுவது. இடைவெளி, கோடு, சாய்கோடு எல்லாவற்றுக்கும் இது சரி. ஆனால் யூனிகோட் அட்டவணையில் க, ச, த முதலியவைதான் எழுத்து என்ற வகையில் இருக்கின்றன. காலும் கொம்பும் புள்ளியும் வேறு வகை, வெறும் குறிகள். ஆகவே தஞ்சாவூரில் சா-வின் காலுக்குப் பின்னால் வரும் வ, இந்த நிரலின் கண்ணுக்குப் புதுச் சொல்லின் முதலெழுத்து! அதற்குத் தகுதியில்லாத 8 கூடுகிறது. 42 இப்போது 50. விக்கிப்பீடியாவின் 49-ஐ முந்திக்கொண்டு தஞ்சாவூர் மேலே வருகிறது. ஆங்கிலத்தில் ஒருபோதும் தலைகாட்டாத இந்தப் பிழையை, ஆங்கிலம் மட்டுமே தட்டிப் பார்க்கும் நிரலாளர் கண்டுபிடிக்க வழியே இல்லை.

"கொ" போன்ற எழுத்துகளில் இன்னொரு சிக்கல். ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இரண்டும் சமம் என்று யூனிகோடே விதி வகுத்திருக்கிறது. ஒப்பிடும் முன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தால் தீர்ந்தது. நிரலில் அதற்கு ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை எழுத மறந்தால், கண்முன் இருக்கும் பக்கத்தை இல்லை என்று நிரல் சாதிக்கும்.

மீதமுள்ள ஐம்பது

இப்போது எண்ணிப் பார்ப்போம். இரண்டு சொற்களின் முதலெழுத்துகளால் எத்தனை பக்கங்களை வேறுபடுத்த முடியும்? தமிழில் மெய் 18. இலக்கணப்படி அவற்றில் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்ற எட்டும் சொல்லுக்கு முதலில் வருவதில்லை. (டீயும் ரயிலும் லாரியும் இலக்கணத்தைக் கேட்டுக்கொண்டா வந்தன?) உயிரில் தொடங்கும் சொற்களை ஒதுக்கிவிட்டு, பத்து என்றே கொள்வோம். பத்தைப் பத்தால் பெருக்க நூறு. ஐயாயிரம் பக்கங்களை நூறு பெட்டியில் சமமாகப் போட்டால் ஒரு பெட்டிக்கு ஐம்பது. சமமாக விழவும் விழாது. த, க, ப, ம பெட்டிகள் பிதுங்கும்.

ஐம்பதில் ஒன்று என்றால் இன்னும் தேடல் முடியவில்லை. ஆனாலும் வேண்டியது முதலிடத்தில் வந்து நிற்கிறதே, எப்படி? டீக்கடைக்குள் நுழையும்போதே சர்க்கரை கம்மியாக ஒன்றைப் போடத் தொடங்கிவிடும் மாஸ்டரைப் போல, நிரல் உங்கள் பழக்கத்தைப் பார்த்து முடிவு செய்கிறது.

2008 ஜூன் 17-இல் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 3 இதை முகவரிப் பட்டைக்குள் கொண்டுவந்தது. ஒரு பக்கத்துக்கு எவ்வளவு அடிக்கடி போகிறீர்கள், எவ்வளவு அண்மையில் போனீர்கள் என்ற இரண்டையும் ஒரே எண்ணாக்கியது. பழக்கப் புள்ளி என்று அதை அழைப்போம். அன்றைய கணக்கு எளிது. கடைசிப் பத்து வருகைகளை மட்டும் எடுத்துக்கொள்ளும். நான்கு நாளுக்குள் நடந்த வருகைக்கு 100, பதினான்கு நாளுக்குள் 70, முப்பத்தொரு நாளுக்குள் 50, தொண்ணூறு நாளுக்குள் 30, அதற்கும் பழையது என்றால் 10. இவற்றின் சராசரியை மொத்த வருகைகளின் எண்ணிக்கையால் பெருக்கும்.

நம் இரண்டு பக்கங்களுக்கே போடுவோம். விக்கிப்பீடியாவுக்கு மொத்தம் 40 முறை போயிருக்கிறீர்கள்; ஆனால் கடைசிப் பத்தும் இரண்டு மாதத்துக்கு முந்தியவை. 30-ஐ 40-ஆல் பெருக்க 1,200. தஞ்சாவூருக்கு ஒரு பயணம் போகத் திட்டம். கடந்த நான்கு நாளில் அந்தப் பக்கத்தை 8 முறை பார்த்துவிட்டீர்கள். 100-ஐ 8-ஆல் பெருக்க 800. இன்னும் ஐந்து முறை பார்த்தால் 1,300 ஆகி விக்கிப்பீடியாவைத் தாண்டிவிடும். பயணம் முடிந்து, அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமல் இரண்டு மாதம் போனால் 390. தொண்ணூறு நாளும் கடந்தால் 130. யாரும் அழிக்கவில்லை, தானாகவே கீழே இறங்கிவிட்டது. நாற்பது முறை போன பக்கம் அதே புறக்கணிப்புக்குப் பிறகும் 400-இல் நிற்கும்.

இதன்மேல் இன்னொரு சலுகை. இணைப்பை அழுத்திப் போன வருகையைவிட, முகவரிப் பட்டையில் தட்டிப் போன வருகைக்கு இருபது மடங்கு மதிப்பு வைத்தார்கள். நினைவிலிருந்து தட்டுகிறார் என்றால் உண்மையாகவே வேண்டும் என்று அர்த்தம். தட்டிய எழுத்துகளுக்கு எந்த விடையைத் தேர்ந்தீர்கள் என்பதையும் தனியாகக் குறித்துவைத்துக்கொள்கிறது. ஆண்டுகள் போக எண்கள் மாறியிருக்கின்றன. அண்மையும் அடிக்கடியும் சேர்ந்ததுதான் இன்றும் அடிப்படை.

இதில் எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. மேலே இருப்பதைத் தேர்ந்தால் அது இன்னும் மேலே போகும். இன்னும் மேலே போனால் இன்னும் எளிதாகத் தேர்வாகும். காலையில் ஒரு முக்கியமான பக்கத்தைத் தேடி உட்கார்ந்தவரை, முதல் எழுத்திலேயே யூடியூப் வாசலில் கொண்டுபோய் விட்டுவிடும் வேலையையும் இதே கணக்குதான் செய்கிறது.

சாவி யார் கையில்

இந்த நினைவெல்லாம் உங்கள் கணினியிலேயே, உலாவியின் கோப்பறையில் ஒரு தரவுத்தளக் கோப்பாக இருக்கிறது. குரோம் உங்கள் கணினியில் வைத்திருக்கும் வரலாற்றைத் தொண்ணூறு நாளில் கழித்துவிடும். மூன்று மாதத்துக்கு முன்பு படித்ததைத் தேடி ஏமாறுகிறவர்கள் பலருக்கு இது தெரியாது. ஃபயர்ஃபாக்ஸ் பொதுவாக இன்னும் நெடுநாள் வைத்திருக்கும்.

வரலாற்றைத் தேட ஒரு நீட்சிக்கு வரலாற்றைப் படிக்கும் அனுமதி வேண்டும். விசைகளைப் பிடிக்க வேண்டும் என்றால் அதற்கும் மேலே: நீங்கள் திறக்கும் ஒவ்வொரு பக்கத்திலும் தன் நிரலைச் செருகும் உரிமை வேண்டும். பொருத்தும்போது உலாவி எச்சரிப்பதும் அதைத்தான், எல்லாத் தளங்களிலும் உங்கள் தரவுகளைப் படிக்கவும் மாற்றவும் இதனால் முடியும் என்று. வங்கித் தளத்தையும் சேர்த்துத்தான். விமியத்தின் மூலநிரல் எல்லாரும் பார்க்கும்படி திறந்து கிடக்கிறது. ஏதோ ஒரு பெயரில் வரும் எல்லா நீட்சியும் அப்படி இல்லை. உலாவிகளும் ஓர் எல்லை போட்டிருக்கின்றன. குரோமின் அமைப்புப் பக்கங்களிலும் நீட்சிக் கடையிலும் எந்த நீட்சியும் நுழைய முடியாது. விமியத்துக்குப் பழகியவர்கள் அங்கே போய் எஃப்-ஐத் தட்டிவிட்டு ஒன்றும் நடக்காமல் விழிப்பார்கள். 2017 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 57 வந்தபோது, பாதுகாப்பையும் வேகத்தையும் முன்னிட்டுப் பழைய பாணி நீட்சிகளுக்கு மொத்தமாகக் கதவை அடைத்தார்கள். விம் பழக்கத்தைக் கொண்டுவந்த விம்பரேட்டர் அதோடு போயிற்று.

எந்த நீட்சியும் வேண்டாம் என்கிறவர்களுக்கும் கொஞ்சம் வழி இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸின் முகவரிப் பட்டையில் % போட்டு இடைவெளி விட்டால் திறந்திருக்கும் டேப்களுக்குள் மட்டும் தேடும், * குறித்துவைத்தவற்றுக்குள், ^ வரலாற்றுக்குள். குரோமில் கண்ட்ரோலையும் ஷிஃப்டையும் பிடித்துக்கொண்டு ஏ தட்டினால் டேப் தேடும் பெட்டி திறக்கும்.

புஷ்ஷின் மேசை

இவை எல்லாமே தலைப்பையும் முகவரியையும்தான் தேடுகின்றன. பக்கத்தின் உள்ளே என்ன எழுதியிருந்தது என்பது பொதுவாக வரலாற்றில் பதிவாவதில்லை. "முகப்பு" என்று மட்டும் தலைப்பு வைத்த அரசுத் தளத்தை, அதன் முகவரி நினைவில் இல்லாவிட்டால், எந்த இரண்டு எழுத்தாலும் பிடிக்க முடியாது. தமிழ் உள்ளடக்கத்துக்கு ஆங்கிலத் தலைப்பு போடும் தளங்களும் அப்படித்தான். குறித்துவைக்கும்போதே தலைப்பை அழித்துவிட்டு, நாளைக்கு நம் வாயில் வரக்கூடிய சொல்லை எழுதிவைப்பது ஒன்றுதான் அதற்கு வழி.

நம் நினைவும் தலைப்பில் தங்குவதில்லை. "அந்தக் கோயில் கட்டுரையிலிருந்து ஒரு கல்வெட்டுக்குப் போனேன், அங்கிருந்து இன்னொன்றுக்கு" என்றுதான் ஞாபகம் வருகிறது. அமெரிக்கப் பொறியாளர் வானெவர் புஷ் 1945 ஜூலையில் அட்லாண்டிக் இதழில் எழுதிய கட்டுரையில் கற்பனை செய்த மேசை இந்த மாதிரியான நினைவுக்குத்தான். மெமெக்ஸ் என்று பெயர் வைத்தார். படித்ததெல்லாம் நுண்படச் சுருளாக அதற்குள் இருக்கும். மேலே திரைகள், ஒரு விசைப்பலகை, சில நெம்புகோல்கள். அவருடைய கற்பனைப் பயனர் துருக்கி வில்லைப் பற்றித் தேடிக்கொண்டு போகிறார், ஒன்றிலிருந்து ஒன்றாக, போன வழியைப் பதிந்துகொண்டே. பல ஆண்டுகள் கழித்து ஒரு நண்பரோடு பேசும்போது சில விசைகளைத் தட்டி அந்த வழியைத் திரையில் கொண்டுவந்து, நண்பர் தன் மேசையில் சேர்த்துக்கொள்ள அதன் படியொன்றை எடுத்துக் கொடுக்கிறார்.

ஃபயர்ஃபாக்ஸின் வரலாற்றுக் கோப்பைத் திறந்து பார்த்தால், ஒவ்வொரு வருகைக்கும் நேராக, அது எந்த வருகையிலிருந்து வந்தது என்ற எண்ணும் ஒரு பத்தியில் இருக்கிறது. புஷ் கேட்ட வழித்தடம் ஏற்கெனவே பதிவாகிக்கொண்டுதான் இருக்கிறது. எழுத்தைத் தட்டினால் அந்தப் பத்தியை எடுத்துக் காட்டும் பெட்டிதான் உலாவியில் இல்லை.